மனு வரட்டும் என்று காத்திருக்கும் தீர்ப்பாயங்கள்

முதியோர் கொடுமையைத் தடுக்க நினைக்கும் ஒவ்வொரு அதிகாரியும் 2011இல் வெளியான நியூயார்க் மாநில ஆய்வைப் படித்தாக வேண்டும். 60 வயது கடந்தவர்களிடம் தொலைபேசியில் நேரடியாகக் கேட்டார்கள். அதை அரசு, தொண்டு அமைப்புகளின் பதிவேடுகளோடு ஒப்பிட்டார்கள். உண்மையில் நடந்தது பதிவானதைப்போல் ஏறத்தாழ 24 மடங்கு. பணம், சொத்துச் சுரண்டலில் மட்டும் 44 மடங்கு!

பெற்றோர், மூத்த குடிமக்களுக்கான நம் 2007ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் நல்ல சட்டம். கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம், வக்கீல் தேவையில்லை, நோட்டீஸ் சேர்ந்து 90 நாளுக்குள் பராமரிப்புத் தொகை மனுவை முடிக்க வேண்டும். ஆனால் மனு கொடுப்பது யார்? கொடுத்துவிட்டு அன்றிரவு அதே வீட்டில், அதே மகன் போடும் சோற்றுக்குத்தானே அந்த அம்மா உட்கார வேண்டும்? மனு இல்லாமல் தானாகவே வழக்கை எடுக்கும் அதிகாரம் பிரிவு 5இல் தீர்ப்பாயத்துக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்த, வீட்டுக்குள் நடப்பது முதலில் தெரியவேண்டும்.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்க வீட்டுக்கே ஆள் போகிறது. கனடாவின் மொன்ட்ரியாலில் மருத்துவர்களுக்காக உருவாக்கிய ஆறு கேள்விகளைத் தமிழில் சோதித்து, இவர்களுக்குப் பயிற்சியோடு கொடுக்கலாம். அவற்றில் சில: சாப்பாடு, மாத்திரை, கண்ணாடி கிடைக்கவிடாமல் யாராவது தடுத்தார்களா? கூனிக்குறுகும்படி, மிரட்டும்படி பேசினார்களா? கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்களா? அடித்தார்களா, பயமுறுத்தினார்களா? எல்லாமே கடந்த 12 மாதத்தில். ஆறாவதைக் கேட்பதில்லை, மெலிவு, அழுக்குத் துணி, முகம் பார்த்துப் பேசாமை ஆகியவற்றைப் பரிசோதிப்பவரே கவனித்துக் குறிக்கிறார். இரண்டே நிமிடம். மகனோ மருமகளோ பக்கத்தில் நின்றால் கேட்கவே கூடாது. பொய்யான 'இல்லை' வருவதோடு, பிறகு அடியும் விழலாம். இன்னொன்று: இக்கேள்விகள் நினைவு தெளிவாக உள்ளவர்களிடம் சோதிக்கப்பட்டவை. மறதி நோய் உள்ளவரிடம் இதை வைத்து முடிவு கட்டக்கூடாது.

ரத்தக்கட்டு பற்றியும் கலிபோர்னியாவில் ஆய்வு உண்டு. முதியோருக்குத் தற்செயலாக ஏற்படும் ரத்தக்கட்டில் 90 சதவீதம் கை கால்களில்தான். காது, கழுத்து, பிட்டம், உள்ளங்கால் ஆகிய இடங்களில் ஒன்றுகூட இல்லை. அடிபட்டவர்களிடமோ முகம், முதுகு, வலது கையின் வெளிப்பக்கம், அதுவும் பாதிக்கு மேற்பட்டோரிடம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாத அளவில். நிறத்தை வைத்து 'இது பழைய காயம்' என்று எழுதுவது தவறு. 'எப்படி ஆச்சு பாட்டி?' என்று கேட்டால் பெரும்பாலோர் சரியாகவே சொல்கிறார்கள். வெளிநோயாளிச் சீட்டில் 'கீழே விழுந்தார்' என்று எழுதும் முன் இதைக் கேட்டால் போதும்.

சொத்து விஷயத்தில் பத்திரப்பதிவு அலுவலகமே முதல் காவல். தான செட்டில்மெண்டில் 'உணவு, தங்குமிடம், மருத்துவம் ஆயுள்வரை தரவேண்டும்' என்ற வரி இல்லாவிட்டால், அதே 2007 சட்டத்தின் பிரிவு 23இன்படி ரத்து கேட்கும்போது சிக்கல். நிபந்தனை இருந்ததைக் காட்டவேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் முதியோருக்குச் சாதகமாக விரிவாகப் பொருள்கொள்ளச் சொன்னது. அந்த விவாதத்துக்கே போகாமல், 60 தாண்டியவர் எழுதிக்கொடுக்கும்போது பதிவாளர் அவரைத் தனியே அழைத்து இந்த வரியைப் படித்துக் காட்டட்டும்.

கண்டுபிடித்த பிறகு யாரும் வராவிட்டால் நிலைமை முன்பைவிட மோசமாகும். அதனால் மாவட்டச் சமூகநல அலுவலர், காவல் ஆய்வாளர், மருத்துவர், வங்கி மேலாளர் ஆகியோர் வாரம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார்ந்து புதிய பெயர்களைப் பார்க்க வேண்டும். அதுவரை, பக்கத்து வீட்டுக்காரரும் முதியோர் உதவி எண் 14567ஐ அழைக்கலாம். காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணமில்லை.