'தண்' என்றால் தண்ணீர்தானா?

அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து ஒரு காணொளி அனுப்பியிருந்தான். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் சாய்வு நாற்காலியில் இருக்கிறார். விளக்கைப் பார்க்கிறார், எரிகிறது. பாட்டை மாற்ற நினைக்கிறார், மாறுகிறது. பார்வையையும் மூளையில் எழும் மின் அலையையும் வைத்தே இயங்கும் கண்ணாடியாம். "கையே வேண்டாம் சித்தப்பா!" என்று கீழே எழுதியிருந்தான்.

எனக்கு உறுத்தியது அந்த மனிதரின் கையில் இருந்த காப்பிக் கோப்பை. நல்ல கை இருப்பவரிடம் போய்க் கையே வேண்டாம் என்று விற்கிறார்கள். கை போன ஒருவரை நான் ஆறு வருடம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

பெரியப்பாவுக்கு ஊர் முத்துப்பேட்டைக்குப் பக்கம், கோரையாற்றுக் கடைமடை. மோட்டார் நியூரான் நோய், தசையை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். முதலில் மண்வெட்டிப் பிடி நழுவியது. பிறகு கால், பிறகு பேச்சு. கண் மட்டும் கடைசிவரை சொன்னபடி கேட்டது. இந்த நோயில் பெரும்பாலும் அப்படித்தான், கண்ணை அசைக்கும் தசைகள் நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.

பெரியம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். மாதக் காலண்டர் தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் கட்டம் போட்டார். மேலே உயிரெழுத்து, கீழே மெய்யெழுத்து. வரிசை வரிசையாக விரலை நகர்த்துவார். சரி என்றால் பெரியப்பா கண்ணை மேலே உயர்த்துவார். இல்லை என்றால் இறுக மூடுவார். க், பிறகு ஆ. 'கா'. இப்படித்தான் அந்த வீட்டில் பேச்சு நடந்தது.

1988-இல் அமெரிக்காவில் ஃபார்வெல், டான்ச்சின் என்ற ஆய்வாளர்கள் இருவர் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். திரையில் ஆறுக்கு ஆறாக 36 கட்டம். கிடை வரிசைகளும் நெடு வரிசைகளும் மாறி மாறி மினுங்கும். மனதில் நினைத்த எழுத்து இருக்கும் வரிசை மினுங்கினால், சுமார் 300 மில்லி விநாடி கழித்து மூளையின் மின் அலையில் ஒரு மேடு எழும். தலையில் ஒட்டிய மின்முனைகள் அதைப் பிடிக்கும். ஒரே மினுங்கலை நம்ப முடியாது என்பதால் திரும்பத் திரும்ப மினுங்க வைக்க வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு மூன்று எழுத்துதான் தேறியது. பெரியம்மா இதைவிட வேகம்!

வேகத்துக்குக் காரணம், அவர் ஊகித்துவிடுவார். அங்கேதான் வம்பு.

2021 ஜூன் 12, மேட்டூர் அணையைத் திறந்தார்கள். ரேடியோவில் பெரியப்பாவும் கேட்டார். நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் த், அ, ண் என்று வந்தார். பெரியம்மா "தண்ணீரா?" என்று எழுந்துபோய்த் தேக்கரண்டியால் ஊட்டினார். பெரியப்பா கண்ணை இறுக மூடினார். மறுபடி த், அ, ண். மறுபடி தேக்கரண்டி. மாலைவரை இதே கூத்து. பிறகு நான் அட்டையைப் பிடித்தேன். கெட்டிக்காரத்தனமெல்லாம் இல்லை, எனக்குப் பெரியம்மா அளவுக்கு ஊகிக்கத் தெரியாது, அவ்வளவுதான். எழுத்து எழுத்தாக வந்து முடிந்தபோது இருந்தது இது: 'தண்ணி வந்ததா'.

கல்லணையில் திறக்கும் தண்ணீர் வெண்ணாற்றில் ஓடி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து, கோரையாற்றில் இறங்கி, எங்கள் வாய்க்காலுக்கு வர வேண்டும். வரவில்லை என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். இந்த முறை இறுக்கமாக இல்லை.

பெரியம்மாவைக் குறை சொல்லவில்லை. படுக்கையில் கிடப்பவர் 'தண்' என்றால் தாகம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இயந்திரமும் அதையேதான் நினைக்கும், பலர் அடிக்கடி சொல்வதைத்தானே அது முதலில் நீட்டுகிறது. இதே நோய் வந்த இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் மூக்குக் கண்ணாடியில் ஓர் அகச்சிவப்பு உணரி இருந்தது, கன்னத் தசையின் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கும். 2014-இல் அவருக்கு அமைத்துக் கொடுத்த மென்பொருள், அவருடைய எழுத்துகளையே படித்து அடுத்த சொல்லை ஊகித்தது. மதகு, நாற்றங்கால், முறைப்பாசனம் என்று ஓடும் பெரியப்பாவின் பேச்சை எந்த இயந்திரம் படித்திருக்கிறது?

பார்வையால் இயக்குவதில் பழைய சிக்கல் ஒன்று உண்டு. கண் சும்மா இருக்காது. பார்த்ததெல்லாம் தேர்வாகிவிட்டால், தொட்டதெல்லாம் பொன்னான மைதாஸ் ராஜாவின் கதிதான் என்கிறார்கள் பொறியாளர்கள். நம் ஊர்க் கணக்கில் பஸ்மாசுரன். அதனால்தான் பார்வை சுட்டட்டும், மூளையின் சமிக்ஞை ஒப்புக்கொள்ளட்டும் என்று இரண்டையும் சேர்க்கிறார்கள். இதை நான் மனதார ஏற்கிறேன். காலண்டர் அட்டையிலும் சுட்டியது ஒன்று, ஒப்பியது வேறொன்று.

ஆனால் அந்தக் கண்ணாடி கடைமடைக்கு வந்து பார்க்கட்டும். மண்டையோட்டுக்கு வெளியே கிடைக்கும் மின் அலை மைக்ரோவோல்ட் கணக்கு, அதாவது வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கண் இமைத்தாலே அதைவிடப் பெரிய அலை எழும். தாடை அசைந்தாலும் போச்சு, அதாவது வெற்றிலை போட முடியாது, தஞ்சாவூர் ஜில்லாவில் இதை யாரிடம் சொல்வது? மூளையின் மின் அலையைப் பதியும் இ.இ.ஜி. எடுக்கப் போனால் எண்ணெய் வைக்காமல் தலை குளித்து வரச் சொல்கிறார்கள். பெரியம்மா தினமும் காலையில் செய்த முதல் வேலையே பெரியப்பாவுக்கு எண்ணெய் தடவுவதுதான். சித்திரை வியர்வையும் சமிக்ஞையைக் குழப்பும்.

எதை எவ்வளவு நேரம் பார்த்தோம் என்ற கணக்கு கடைக்காரனுக்குத் தங்கம் என்பது தனிக் கதை. சிலி நாடு 2021-லேயே மூளைத் தகவலுக்கு அரசியலமைப்பில் பாதுகாப்பு எழுதிவிட்டது.

அண்ணன் மகனுக்குப் பதில் போட்டேன். அவன் இந்தத் துறையில்தான் வேலை பார்க்கிறான். தமிழுக்கு 247 எழுத்து, கட்டத்தில் அடங்காது என்று யாராவது சொன்னால் நம்பாதே. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. அந்த 36-இல் மிச்சம் ஐந்து கட்டம். ஜ, ஷ, ஸ, ஹ நான்கு. சொல்லுக்குச் சொல் இடைவெளி எங்கே என்று கேட்காதே, பெரிய கோயில் கல்வெட்டில் விட்டா எழுதினார்கள்? கடைசிக் கட்டத்தில் 'இல்லை' என்று போடு. கண் சட்டென்று போய்ச் சேரும் மூலையாகப் பார்த்து வை.