“ஹேக் கோர்ட் என்னதான் பண்ணுது?”

எங்காவது குண்டு விழுந்த படம் வந்தால் போதும், கீழே இந்தக் கேள்வியும் வந்துவிடும். நானும் பல வருடம் இதைக் கேட்டவன்தான். அந்த கோர்ட்டை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனத்தை உட்கார்ந்து படித்த பிறகும் கோபம் போகவில்லை. யார்மேல் கோபப்படுவது என்பது மட்டும் மாறியது.

முதலில் ஒரு குழப்பம். ஹேக்கில் இருப்பது ஒரு நீதிமன்றம் அல்ல. நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலான வழக்கை விசாரிப்பது சர்வதேச நீதிமன்றம். தனி மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சர்வதேச குற்றவியல் நீதிமன்றம். நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

1998 ஜூலையில் ரோமில் 120 நாடுகள் ஆதரவாக வாக்களித்து உருவானது அதன் சாசனம். எதிர்த்தவை 7, ஒதுங்கி நின்றவை 21 (இந்தியா ஒதுங்கிய பட்டியலில்). 2002 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் நடந்த எதையும் இந்த நீதிமன்றம் தொட முடியாது. அதற்குப் பிறகு நடந்ததிலும் பொதுவாக இரண்டே வழிதான். குற்றம் உறுப்பு நாட்டின் (சாசனத்தை ஏற்ற நாட்டின்) மண்ணில் நடந்திருக்க வேண்டும், அல்லது செய்தவர் உறுப்பு நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும். உறுப்பு நாடாக இல்லாவிட்டாலும், ‘என் மண்ணில் விசாரியுங்கள்’ என்று ஒரு நாடு தானே எழுதிக்கொடுக்கலாம். உக்ரைன் முதலில் அப்படித்தான் செய்தது.

இரண்டும் இல்லையென்றால்? ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் வழக்கை அனுப்ப வேண்டும். என் கோபமெல்லாம் இங்கேதான். நிரந்தர உறுப்பினர் ஐவரில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூன்றும் இந்த நீதிமன்றத்தில் சேரவே இல்லை. ஆனால் அடுத்தவனை அனுப்பலாமா வேண்டாமா என்று கைதூக்கும் உரிமை மட்டும் உண்டு. 2005இல் சூடானின் டார்ஃபூரை அனுப்பினார்கள், 2011இல் லிபியாவை. 2014 மே மாதம் சிரியா வந்தபோது 15 பேரில் 13 பேர் ஆதரித்தும் ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டன. அத்தோடு முடிந்தது. 2009இல் முடிந்த இலங்கைப் போருக்கும் இதே கதிதான்: இலங்கை உறுப்பு நாடு இல்லை, கவுன்சிலும் அனுப்பவில்லை. டார்ஃபூரை அனுப்பிய தீர்மானத்திலேயே ‘விசாரணைச் செலவை ஐ.நா. ஏற்காது’ என்று ஒரு வரி இருப்பது தனி வேடிக்கை.

அதனால்தான் ‘யாருடைய மண்’ என்கிற அந்தச் சின்ன விதியை நான் பெரிதாக மதிக்கிறேன். ரோஹிங்கியா மக்கள் விஷயத்தைப் பாருங்கள். மியான்மர் உறுப்பு நாடு இல்லை. பங்களாதேஷ் உறுப்பு நாடு. ஊரை எரித்து மக்களை விரட்டியது அந்தப் பக்கம். விரட்டப்பட்டவர்கள் எல்லை தாண்டி வந்து விழுந்தது இந்தப் பக்கம். ஒரு நாட்டைவிட்டுத் துரத்துவது என்றாலே இன்னொரு நாட்டுக்குள் தள்ளுவதுதானே? அப்படியானால் குற்றத்தின் ஒரு பகுதி பங்களாதேஷ் மண்ணில் நடந்திருக்கிறது என்று 2018 செப்டம்பரில் நீதிபதிகள் முடிவு செய்தார்கள். கவுன்சிலிடம் கேட்கவே இல்லை. அடுத்த வருடம் விசாரணைக்கு அனுமதி கிடைத்தது. 2024 நவம்பரில் மியான்மர் ராணுவத் தலைவர் மின் ஆங் லைங்குக்குப் பிடியாணை கேட்டு வழக்குத்தொடுநர் மனு போட்டார். மியான்மருக்குள் நடந்த படுகொலைகளை இந்த வழியில் விசாரிக்க முடியாது, நாடு கடத்தியதைப் போல எல்லை தாண்டிய குற்றங்களை மட்டும்தான். அரைக் கதவுதான். ஆனாலும் திறந்த கதவு.

‘அது எங்கள் உள்நாட்டு விஷயம்’ என்ற வாதமும் ஒன்று உண்டு. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான தனித் தீர்ப்பாயத்தில் குற்றம் சாட்டப்பட்ட டாடிச் என்பவர் அதைச் சொல்லிப் பார்த்தார். உள்நாட்டுப் போரிலும் போர்க்குற்றம் உண்டு என்று மேல்முறையீட்டு நீதிபதிகள் 1995இலேயே சொல்லிவிட்டார்கள். இருந்தும் பழைய பேதம் முழுதாகப் போகவில்லை. பொதுமக்களைப் பட்டினி போட்டுப் போர் நடத்துவது, சாசனம் எழுதியபோது நாடுகளுக்கு இடையிலான போரில் மட்டும்தான் போர்க்குற்றம். உள்நாட்டுப் போருக்கும் அதைச் சேர்க்கும் திருத்தம் 2019 டிசம்பரில்தான் வந்தது. அந்தத் திருத்தத்தையும் நாடுகள் தனியாக ஏற்க வேண்டுமாம். பசிக்கு எல்லைக்கோடு தெரியுமா என்ன!

சரி, ‘ஆப்பிரிக்கர்களை மட்டும் பிடிக்கிறார்கள்’ என்ற பழைய குற்றச்சாட்டு? பல வருடம் அது நியாயமாகவே இருந்தது. 2023 மார்ச்சில் புதினுக்கும், 2024 நவம்பரில் நெதன்யாகுவுக்கும் பிடியாணை வந்த பிறகு அதைப் பழையபடி சொல்ல முடியாது. ரஷ்யா, இஸ்ரேல் இரண்டுமே உறுப்பினர் இல்லை. இரண்டிலும் வேலை செய்தது அதே மண் விதி: ஒன்றில் உக்ரைன், மற்றதில் பாலஸ்தீனம். முதல் பிடியாணை நியாயமானது என்ற அமெரிக்கா, இரண்டாவது வந்ததும் கொதித்தது. 2025இல் வழக்குத்தொடுநர் மீதும், பிறகு நீதிபதிகள் சிலர் மீதுமே பொருளாதாரத் தடை போட்டது. ஒரே விதி, ஆளைப் பார்த்து இரண்டு நியாயம்.

பிடியாணை காகிதம்தானே என்பீர்கள். நீதிமன்றத்துக்குச் சொந்தமாகப் போலீஸ் இல்லை என்பது உண்மை. உறுப்பு நாடான மங்கோலியாவுக்கு 2024 செப்டம்பரில் புதின் போய்விட்டுத் திரும்பினார். பிடியாணை இருந்தும் சூடான் அதிபர் அல் பஷீர் 2015இல் தென்னாப்பிரிக்கா போய்வந்தார். 2019இல் பதவி பறிபோன பிறகும் அவரை ஹேக்குக்கு அனுப்பவில்லை. ஆனால் அதே டார்ஃபூர் வழக்கில் ஜன்ஜவீத் என்ற அரசு ஆதரவு ஆயுதக் குழுவின் தளபதி அலி குஷைப் 2020இல் தானே வந்து சரணடைந்தார். 2025 அக்டோபரில் 27 குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. கவுன்சில் அனுப்பிய வழக்கு ஒன்றில் தண்டனைத் தீர்ப்பு வந்தது அதுதான் முதல் முறை, அனுப்பி இருபது வருடம் கழித்து.