முனைவர் ஆன பின் மீண்டும் மாணவராக

மருத்துவராக வேண்டும் என்ற சிறுவயது ஆசை நிறைவேறாமல், இயற்பியலில் முதுகலை வரை வந்த மாணவியின் அனுபவக் கட்டுரையைப் படித்தேன். பாதை மாறியதை அவர் ஏதோ குறை போலவே எழுதியிருப்பது எனக்கு உடன்பாடில்லை.

சிதம்பரத்தில் 1952இல் பிறந்து பரோடாவில் வளர்ந்த அறிவியலாளர் வெங்கி ராமகிருஷ்ணன், மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தும், தேசிய அறிவியல் திறனறித் தேர்வின் உதவித்தொகை கைகூடியதால் இயற்பியலைத் தேர்ந்தவர். 1976இல் அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார். நம் வீடுகளில் என்றால் அத்துடன் வேலை தேடச் சொல்லியிருப்பார்கள். அவரோ உயிரியலே தமக்கு உகந்தது என்று கருதி, மனைவி, பிள்ளைகள் என்று குடும்பம் அமைந்துவிட்ட நிலையிலும், சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மீண்டும் ஆய்வு மாணவராகச் சேர்ந்து, மரபியல், உயிர்வேதியியல் ஆகியவற்றின் இளநிலைப் பாடங்களைத் தம்மைவிட இளையவர்களோடு அமர்ந்து கற்றார். இரண்டாவது முனைவர் பட்டத்தை அவர் முடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஈராண்டுகளில் யேல் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, உயிரணுக்களுக்குள் புரதங்களை உருவாக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வில் இறங்கிவிட்டார். நியூட்ரான் துகள்களைச் செலுத்தி, அவை சிதறும் விதத்தைக் கொண்டு ரைபோசோமில் புரதங்கள் அமைந்திருக்கும் இடங்களைக் கண்டறியும் அப்பணிக்கு, அவர் விட்டுவந்ததாகப் பலரும் நினைத்த இயற்பியலே கைகொடுத்தது. 2009இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வந்ததும் ரைபோசோம் ஆய்வுக்காகத்தான்.

கட்டுரையாளர் உயிரியற்பியல் பக்கமும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.