என் அம்மாவின் ஓலைப் பெட்டியைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

மூன்று நாளாக இன்பொக்ஸில் ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. காரைநகர் கசூரினாக் கடற்கரையில் என் அம்மா பனை ஓலைப் பெட்டி இழைத்துக்கொண்டிருந்ததை ஒரு தம்பி கேட்காமல் எடுத்து, பகிடிப் பாட்டுப் போட்டுப் பரப்பிய அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், அதனால் நான் அதை இங்கே திரும்பப் போடப் போவதில்லை. "விடுங்கோ அக்கா, சின்னப் பெடியன், பகிடிக்குச் செய்தது" என்று நாலைந்து பேர் எழுதியிருந்தீர்கள். விடலாம் என்றுதான் நானும் இருந்தேன். நேற்றிரவு அதன் கீழே இருந்த கருத்துகளை முழுக்க வாசித்தபிறகு முடியவில்லை.

"காசில்லாதவையின்ர பிக்னிக்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு எத்தனை சிரிப்பு!

சரி, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் வசதியில்லாமல் கசூரினாவுக்குப் போகவில்லை. விரும்பிப் போனோம். புட்டு அவித்துக் கொண்டுபோனதும் விரும்பித்தான். பாய், பெட்டி எல்லாம் அம்மா இழைத்தவை, அவற்றையும் விரும்பித்தான் எடுத்துப்போனோம். நானும் வேலைக்குப் போகிறேன், என் கணவரும் போகிறார். ஹோட்டலில் இருந்து சாப்பிட எங்களாலும் முடியும், சாப்பிட்டும் இருக்கிறோம். இதையெல்லாம் ஊருக்கு விளக்க வேண்டி வந்ததே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று காலை ஆறரைக்குச் சுன்னாகத்திலிருந்து வெளிக்கிட்டோம். நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், அம்மா, மாமி. பொன்னாலைப் பாலத்தில் பஸ் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல் விரிந்தது. மகன் தலையை வெளியே நீட்டி மாமியிடம் ஏச்சு வாங்கினான். காரைநகரில் அந்தக் கரையைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், வெகுதூரம் நடந்தாலும் கடல் முழங்காலளவுதான் வரும், பிள்ளைகளை விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். சவுக்கு மரங்களுக்குக் கீழே பாயை விரித்தோம். புட்டும் மீன் பொரியலும் சம்பலும் கொண்டுபோயிருந்தோம். ஓலைப் பெட்டியில் போட்ட புட்டு வியர்க்காது, ஆவி இழைகளுக்குள்ளால் போய்விடும், மத்தியானம் வரைக்கும் உதிரி உதிரியாக இருக்கும். பிளாஸ்ரிக் டப்பாவில் வைத்துப் பாருங்கள், ஒரு மணித்தியாலத்தில் நசநசவென்று ஆகிவிடும். பஸ் காசு, பிள்ளைகளின் ஐஸ்கிறீம் எல்லாம் சேர்த்து 3000 ரூபாய் முடிந்தது. இந்த வருசத்தில் நான் செலவழித்த காசிலேயே மனம் நிறைந்து செலவழித்தது அந்த 3000தான்.

சாப்பிட்டபிறகு அம்மா என் மகளுக்கென்று ஒரு சின்னப் பெட்டி இழைக்கத் தொடங்கினா. சிவப்புச் சாயம் போட்ட ஓலையையும் வெள்ளை ஓலையையும் மாற்றி மாற்றி வைத்து, பக்கத்தில் சிரட்டையில் தண்ணீர், ஓலை காய்ந்து முறியாமல் இருக்க இடைக்கிடை தெளிப்பதற்கு. அந்த நேரத்தில்தான் அந்தத் தம்பி வீடியோ எடுத்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பொது இடம்தானே, எடுத்தால் என்ன" என்று சிலர் கேட்கிறீர்கள். உங்கள் அம்மாவைத் தெரியாத ஒருவர் எடுத்து, முகத்தைப் பெரிதாக்கி, பகிடிப் பாட்டும் போட்டுவிட்டால் இதையே சொல்வீர்களா? இதற்கு மேல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

இன்னொரு கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். நான் மதிக்கும் ஒரு அண்ணா எழுதியிருந்தார், "வறுமையை வடிவாக்கிக் காட்டாதேங்கோ, ஓலை இழைச்சது எங்கடை ஆக்கள் வேறை வழியில்லாமல்" என்று. அவர் சொல்வது பிழையில்லை. எனக்கே தெரியும். 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க ஊரை விட்டுக் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தலையில் ஒரு கடகம், பெரிய பனை ஓலைக் கூடை. அதற்குள் அரிசி, ஒரு சட்டி, என் பிறப்புச் சான்றிதழ், தம்பியின் உடுப்பு. மழையில், அந்தச் சனத்துக்குள், நாவற்குழிப் பாலத்தைத் தாண்டும்வரை அம்மா ஒரு கையால் கடகத்தையும் மற்றக் கையால் என்னையும் பிடித்திருந்தா. அதன்பிறகு கொடிகாமத்தில் இருந்த மாதங்களில் அம்மா பெட்டி இழைத்துக் கொடுத்துத்தான் மரவள்ளிக்கிழங்கும் தேங்காயும் வாங்கினா. அது இல்லாமைதான் அண்ணா. நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று சோறு போட்ட கை இன்று பேத்திக்குச் சந்தோசமாக ஒரு பெட்டி இழைக்கக் கூடாதா? பசிக்காக இழைத்த காலம் போய் ஆசைக்காக இழைக்கிற காலம் அம்மாவுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. அவவுக்கு அறுபத்தெட்டு வயது.

பயணத்தைப் பற்றியும் அப்படித்தான். "வெளிநாட்டுக்குப் போகேலாதவை கசூரினாவுக்குப் போகினம்" என்று ஒருவர். எங்கள் வீட்டிலிருந்து கீரிமலை சைக்கிளில் போகிற தூரம். அங்கே ஒரு பக்கம் உப்புக் கடல், மதிலுக்கு இந்தப் பக்கம் கேணியில் நல்ல தண்ணீர். அம்மா சின்ன வயதில் ஆடி அமாவாசைக்குப் போனதைக் கதை கதையாகச் சொல்லுவா. நான் அந்தக் கேணியில் முதன்முதல் கால் நனைத்தது கல்யாணம் முடித்தபிறகு. 1990க்குப் பிறகு அந்தப் பக்கம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது, சனம் போக வழியிருக்கவில்லை. அதே பக்கத்தில் இருக்கிற மயிலிட்டித் துறைமுகம் 2017 இல்தான் திரும்பக் கிடைத்தது. இவ்வளவு காலம் பூட்டிக் கிடந்த சொந்தக் கரையில் பாய் விரித்து இருக்கிறது எங்களுக்குச் சின்ன விசயமா? இதை எங்கள் ஊர்ப் பிள்ளையே தெரியாமல் சிரிக்கிறதுதான் எனக்கு அதிகம் நோகிறது.

"வெளிநாட்டுக்காரரில பொறாமை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் தம்பி கனடாவில் இருக்கிறான். போன வருசம் வந்தபோது அவன் கேட்டது புட்டு அவிக்கிற ஒரு நீத்துப்பெட்டியும் இரண்டு சுளகும். விமான நிலையத்தில் பயணப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்களாம், வடிவாக இருக்கிறது என்று சொன்னார்களாம். நான் யாரிலும் பொறாமைப்படவில்லை. உழைக்கிறவர்கள் தங்கள் காசில் எங்கு வேண்டுமானாலும் போகட்டும், நான் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. எங்களைப் பற்றிச் சொன்னவர்கள் நீங்கள்.

இன்னொன்று. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுகிறார்கள், எங்கெங்கிருந்தோ சனம் வந்து பார்க்கிறது. அதுவும் கையால் கட்டியதுதானே. மூங்கில் சீவி, நிறை பார்த்து, நூல் பிடித்து, ஒட்டி, எத்தனை இரவு முழித்திருந்து கட்டுகிறார்கள். வீட்டில் என் கணவரும் மகனும் ஒரு கொக்குப் பட்டத்துக்கு விண் (காற்றில் கூவுகிற நாண்) பூட்ட ஒரு மாதமாகச் சண்டை பிடித்தார்கள், அது கூவின அன்று ஒழுங்கை முழுக்க வெளியே வந்து பார்த்தது. அதைக் கலை என்று சொல்கிறோம், சரியாகத்தான் சொல்கிறோம். அப்படியென்றால் ஒரு வயதான மனுசி நிலத்தில் இருந்து இழைக்கிறபோது மட்டும் ஏன் அது பகிடி? பனை அபிவிருத்திச் சபை என்று ஒன்றை 1978 இல் தொடங்கியதே இந்த மரத்தை நம்பி இவ்வளவு சனம் இருக்கிறது என்பதால்தானே. சந்தையில் கடகத்துக்கு நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணித்தியாலம் பேரம் பேசுகிறோம். சார்வோலை (இளம் பனை ஓலை) வாங்கி, காயவைத்து, வார்ந்து, சாயத்தில் அவித்து, பிறகுதான் இழைக்கவே இருக்கிறார்கள். அம்மாவுக்கு ஒரு கடகம் முடிக்க இரண்டு நாள் போகும். அந்த இரண்டு நாளுக்கு என்ன விலை என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துக்கு அம்மா இழைத்த பெட்டியில் சாப்பாடு கொண்டுபோக வெட்கப்பட்டு, கடைப் பெட்டி வாங்கித் தரச்சொல்லி அழுதவள் நான். அம்மா ஒன்றும் சொல்லாமல் வாங்கித் தந்தா. அது இத்தனை வருசம் கழித்து இந்த மூன்று நாளாக எனக்கு நித்திரை தராமல் இருக்கிறது.

நான் எங்கேயோ தொடங்கி எங்கேயோ வந்துவிட்டேன், பரவாயில்லை.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளை போனில் வீடியோவை அம்மாவுக்குக் காட்டியிருக்கிறாள், பாவம், அம்மம்மா பேமஸ் ஆகிட்டா என்று நினைத்துக் காட்டியிருக்கிறாள். அம்மாவுக்கு அந்தப் பாட்டு கேட்டது, சிரிப்பும் விளங்கியது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து விறாந்தையில் இருந்து இழைப்பதை விட்டுவிட்டா. "கண் தெரியேல்லை பிள்ளை" என்கிறா. மகளின் பெட்டி பாதியில் கிடக்கிறது. மகள் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால் வந்து அதற்குத் தண்ணீர் தெளித்து வைக்கிறாள், காய்ந்தால் முறிந்துவிடும் என்று அவளுக்கு அம்மம்மா சொல்லித் தந்திருக்கிறா. விளிம்பு எப்படி மடிப்பது என்று அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

வீடியோ எடுத்த தம்பி, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் எங்களுக்கும் தெரிந்த ஊர்க்காரர் நிறையப் பேர். உங்கள் பெயரை நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். மன்னிப்பு எனக்கு வேண்டாம். வருகிற ஞாயிறு நாங்கள் கீரிமலைக்குப் போகிறோம், பாய், பெட்டி எல்லாம் கொண்டுதான் போவோம். அம்மா வருவாவா என்று இன்னும் சொல்லவில்லை.