ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

முந்தாநாள் நான் போட்ட, அம்மாவின் கொல்லையில் செடிகொடிகள் வெளுத்துக் கிடக்கும் படங்களைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பார்க்காதவர்கள் கீழே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள், திரும்பவும் போட எனக்கு மனசில்லை. அதில் வந்த கமெண்ட்டுகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதப் பொறுமை இல்லாததால்தான் இந்தப் பதிவு.

சித்தப்பா மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. (இருக்கிறது. அது வேறு கணக்கு.) வெண்ணெய்த்தாழித் திருவிழா பார்க்க மன்னார்குடிக்கு வந்தவர், வந்த இடத்தில் சும்மா இருக்க முடியாமல், கொல்லை முழுக்கக் களைக்கொல்லி அடித்துவிட்டுப் போயிருக்கிறார். அதுவும் அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில். "அண்ணி, கொல்லையில மருந்து அடிக்கட்டுமா?" இதைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? என் புகார் இவ்வளவுதான். இதற்கு மேல் எதையும் நான் சொல்லவில்லை. நான் சொல்லாததற்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்த மருந்து அடித்த அன்றைக்கு ஒன்றும் காட்டாது. இலை வழியாக உள்ளே போய், வேர் வரைக்கும் இறங்கி, நாலைந்து நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அதற்குள் சித்தப்பா ஒரு பை வெண்டைக்காயோடு சென்னை போய்ச் சேர்ந்துவிட்டார். (அடிப்பதற்கு முன்னால் பறித்த காய்தான், பயப்பட வேண்டாம்.) இங்கே பீர்க்கங்கொடியில் கொழுந்துதான் முதலில் வெளுத்தது. அடி இலை பச்சையாகவே இருக்கிறது, நுனி மட்டும் வெள்ளை வெளேரென்று. பற்றுக்கம்பிகள் பந்தல் குச்சியைச் சுற்றிப் பிடித்தபடியே இருக்கின்றன. பங்குனி வெயில் என்று நினைத்து அம்மா தண்ணீர் ஊற்றியிருக்கிறார். தினமும், கூடுதலாக ஒரு குடம். அப்புறம் கிணற்றடியில் காலி பாட்டில் கிடைத்தபோதுதான் விஷயமே புரிந்தது.

வேலி ஓரத்தில் கிடந்த மூக்கிரட்டையும் பொன்னாங்கண்ணியும் சித்தப்பாவுக்குக் களை. அம்மாவுக்குக் கீரை. விஷயம் தெரிவதற்குள் அதைக் கிள்ளிப் பொரியலும் செய்துவிட்டார். அப்பாவும் சாப்பிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லையே, பிறகு என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. உங்கள் வீட்டுக் குழம்பில் நான் எதையாவது கலந்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லட்டுமா?

பாம்பு வரும், கொல்லையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பவர்களுக்கு: சரி. நியாயம்தான். அரிவாள் இருக்கிறது, மண்வெட்டி இருக்கிறது, இரண்டும் கொட்டகையில்தான் சாத்தியிருந்தன.

எல்லா விவசாயிகளும் அடிக்கிறார்கள், நீ என்ன பெரிய இவளா என்பவர்களுக்கு: களை எடுக்க ஆள் கிடைக்காமல் வயலில் அடிக்கிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. ஆனால் பாட்டிலில் கிளைபோசேட் என்று போட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு அதிகம் உள்ளவற்றின் பட்டியலில் வைத்தது. அதை மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள், தெரியும். 2022-இல் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே இதை அடிக்கலாம் என்று உத்தரவு போட்டது. சித்தப்பா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர்.

மருந்து மண்ணில் ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும், மறுபடியும் விதைத்தால் முளைக்கும் என்று வேளாண்மை படித்த தம்பி ஒருவர் அன்பாக விளக்கியிருக்கிறார். அந்தப் பின்னூட்டம் ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது. ஆனால் தம்பி, விதை? ஒவ்வொரு வருஷமும் நல்லதாக ஒரு பீர்க்கங்காயைப் பறிக்காமல் கொடியிலேயே முற்ற விட்டு, காய்ந்த பிறகு அடுப்படியில் கட்டித் தொங்கவிடுவார் அம்மா. பூசணி விதையைச் சாணியில் பொதித்துச் சுவரில் அப்பி வைப்பார். தை கடைசியில் அதையெல்லாம் எடுத்து ஊன்றியாயிற்று. எதிர் வீட்டு அக்காவுக்குப் பீர்க்கில் கொஞ்சம் கொடுத்திருந்ததால் அது தப்பித்தது. பூசணி போனது போனதுதான்.

"நாற்பது ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிற காய்க்கு இவ்வளவு கூப்பாடா?"

இதற்குத்தான் உண்மையில் பதில் எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கொல்லை முன்பு தென்னந்தோப்பு மாதிரி இருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்த ராத்திரி மொத்தமும் சாய்ந்தது. எங்கள் பக்கம் அன்றைக்குத் தென்னை போகாத வீடு கிடையாது, உங்களுக்கே தெரியும். அப்பா அதற்கப்புறம் பல மாதம் கொல்லைக் கதவைத் திறக்கவே இல்லை. அம்மாதான் திறந்தார். மட்டையை இழுத்துப் போட்டு, அடிக்கட்டைகளுக்கு இடையில் குழி எடுத்து, வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நாலு பூசணி விதையை ஊன்றினார். அந்த வருஷம் நிவாரணத்துக்கு வரிசையில் நின்று வந்த ஆண்கள் எல்லாரும் சாப்பிட்டது அந்தப் பூசணிக் கூட்டுதான். சித்தப்பாவும் சாப்பிட்டார். "அண்ணி கைமணமே தனி" என்றார். கையை மட்டும் தெரிந்திருக்கிறது, அந்தக் கை எங்கே வேலை செய்கிறது என்று தெரியவில்லை.

அதை இத்தனை வருஷமாக வீட்டில் எல்லாரும் அம்மாவுடைய பொழுதுபோக்கு என்றே சொல்லி வந்தார்கள். பாத்திரம் கழுவின தண்ணீரை வாழைக்குத் திருப்பியது பொழுதுபோக்கு. விடிவதற்கு முன் எழுந்து பூசணி ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தடவியது பொழுதுபோக்கு. அப்பாவின் வயலில் யாராவது கேட்காமல் ஒரு டப்பா மருந்து அடித்திருந்தால் பஞ்சாயத்தே கூடியிருக்கும். அம்மாவின் கொல்லை என்றால் "நல்ல மனசோடதானே செஞ்சான், விடும்மா."

நேற்று அதற்கும் மேலே ஒன்று நடந்தது. குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தி எழுதுகிறார்: "அதுல எங்களுக்கும் பங்கு இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்." இருக்கிறது சித்தி. பட்டாவில் தாத்தா பெயர், அடுத்து அப்பா பெயர், சித்தப்பா பெயர். முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்த மண்ணைக் கொத்துகிறவர் பெயர் எந்தக் காகிதத்திலும் கிடையாது. அதனால்தானே கேட்கத் தோன்றவில்லை? நான் செடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், நீங்களே பங்கைப் பற்றிப் பேச வைத்துவிட்டீர்கள். பேசலாம். தாராளமாகப் பேசலாம்.

வீட்டு விஷயத்தைப் பொதுவில் எழுதலாமா என்று புத்தி சொல்ல வருகிறவர்கள், கொல்லையில் கேட்காமல் மருந்து அடிக்கலாமா என்று சித்தப்பாவுக்கும் ஒரு வரி சொல்லிவிட்டு வரவும்.

காலையில் அப்பா போன் செய்தார். சித்தப்பா ரொம்ப வருத்தப்படுகிறாராம், பதிவை எடுத்துவிடச் சொன்னார். எடுக்க மாட்டேன். வருத்தமாக இருந்தால் அம்மாவின் நம்பர் சித்தப்பாவிடம் இருக்கிறது.