ஓசோன் ஊசி: டிஸ்க்குக்குள்ளா, முதுகுச் சதையிலா?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நேற்று பெரியப்பா ஒரு வீடியோ போட்டிருந்தார். ஆபரேஷன் வேண்டாம், ஒரே ஊசி, டிஸ்க் வலி போயே போச்சு, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று, ஓசோன் வாயுவை ஊசியால் செலுத்தும் சிகிச்சைக்கான விளம்பரம். அதற்குக் கீழே நான்கு பேர் போன் நம்பர் கேட்டிருந்தார்கள். அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன், எழுத எழுத நீண்டுகொண்டே போனது, சரி, எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே போடுகிறேன்.

என் அக்கா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தைக்கிறாள். பதினெட்டு வருஷமாக அதே வேலை. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டு, ஆர்டர் அவசரம் என்றால் அதற்கும் மேலே. போன ஐப்பசியில் ஒரு நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டது. இரண்டு நாளில் இடுப்பு வலி குறைந்தது, ஆனால் அது இடது பக்கம் பிட்டத்தில் இறங்கி, பின்தொடை, கெண்டைக்கால் என்று சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் இழுப்பது போல ஆகிவிட்டது. தும்மினால் கண்ணில் தண்ணீர் வரும். ராத்திரி படுக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றே விடிய வைத்த நாட்கள் உண்டு.

எம்ஆர்ஐ எடுத்தோம். எல்5-எஸ்1 டிஸ்க் (இடுப்பின் அடியில், கடைசி முதுகெலும்புக்குக் கீழே இருக்கும் ஜவ்வு) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று ரிப்போர்ட். அதை எடுத்துக்கொண்டு ஒரு வலி சிகிச்சை மையத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்க்கவில்லை. காலைத் தூக்கிப் பார்க்கவில்லை, நடக்கச் சொல்லவில்லை. பத்து நாளைக்குள் ஓசோன் போடாவிட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்றார். அந்த ஒரு வாக்கியம் போதும். அன்று சாயங்காலமே மாமா அக்காவின் சங்கிலியை அடகு வைத்துவிட்டு வந்தார். ஒரு ஊசி 6,000 ரூபாய், மொத்தம் ஆறு ஊசி. ஒவ்வொரு முறையும் அக்காவைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் சதையில் குத்தினார்கள். எக்ஸ்ரே கருவி எதுவும் அந்த அறையில் கிடையாது. ஊசி போட்ட ஒரு மணி நேரம் முதுகு கனக்கும், அப்புறம் பழைய வலி அப்படியே இருக்கும். ஆறாவது ஊசி முடிந்ததும் இன்னும் நான்கு போட வேண்டும் என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அரை நாள் வரிசை. ஆனால் அந்த டாக்டர் முதலில் அக்காவைப் படுக்க வைத்துக் காலை மடக்காமல் தூக்கினார், நுனிக்காலிலும் குதிகாலிலும் நடக்கச் சொன்னார், ஊசி முனையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார், சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார். எல்லாம் பார்த்துவிட்டு, காலில் பலம் குறையவில்லை, பயப்பட வேண்டாம், பெரும்பாலும் தானாகவே அடங்கும் என்றார். ஆறு ஊசி போட்ட கதையைச் சொன்னோம். எக்ஸ்ரே பார்த்துப் போட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றோம். "அப்படியென்றால் அது டிஸ்க்குக்குள் போகவே இல்லை அம்மா, சதையில்தான் போட்டிருக்கிறார்கள்."

நான் இத்தனை நாள் மனதில் வைத்துக்கொண்டிருந்த விஷயம் இதுதான். ஓசோன் ஊசி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு சிகிச்சைகள் விற்கப்படுகின்றன: டிஸ்க்குக்குள் போடுவது ஒன்று, முதுகுச் சதையில் போடுவது இன்னொன்று.

டிஸ்க் விலகிவிட்டது, ஜவ்வு விலகிவிட்டது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது எங்கும் விலகிப் போவதில்லை. வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே நுங்கு மாதிரி ஒரு கூழ். வளையத்தில் கீறல் விழுந்தால் கூழ் பிதுங்கி நரம்பு வேரில் இடிக்கிறது, அந்த இடம் அழற்சியாகிச் சிவந்து வீங்குகிறது, கால் முழுக்க வலி. அந்தக் கூழ் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது புரோட்டியோகிளைக்கான் என்ற மூலக்கூறுகளால். ஓசோன் அவற்றை உடைக்கிறது, தண்ணீர் விலகுகிறது, கூழ் சுருங்குகிறது, நரம்பின் மேல் அழுத்தம் குறைகிறது. அழற்சியையும் தணிக்கிறது என்கிறார்கள். இதற்கு வாயு டிஸ்க்கின் நடுவே போய்ச் சேர வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில், மரத்துப்போக ஊசி போட்டு, சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே மெல்லிய நீள ஊசியை உள்ளே செலுத்த வேண்டும். ஆக்சிஜனிலிருந்து ஓசோனை அங்கேயே கருவியில் உண்டாக்கி உடனே செலுத்துகிறார்கள், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் அது மறுபடி ஆக்சிஜனாக மாறிவிடும், புட்டியில் அடைத்து வைக்க முடியாது.

டிஸ்க்குக்குள் மருந்து செலுத்திக் கூழைக் கரைக்கும் யோசனை பழையது. 1964-லேயே லைமன் ஸ்மித் என்ற அமெரிக்க டாக்டர் பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த நொதியை டிஸ்க்குக்குள் செலுத்திப் பார்த்ததை எழுதியிருக்கிறார். 1982-ல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதியும் கொடுத்தது. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை, சிலருக்கு நரம்புப் பாதிப்பு என்று வந்து கடைசியில் கைவிட்டார்கள். ஓசோனைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டவர்கள் இத்தாலிக்காரர்கள். அங்கே 600 பேருக்குப் போட்டுப் பார்த்து 2003-ல் வெளியிட்ட ஆய்வைத்தான் எல்லோரும் இன்னும் எடுத்துக் காட்டுகிறார்கள். ஓசோன் மட்டும் போட்ட 300 பேரில் 70 சதவீதம் பேருக்கும், அதோடு நரம்பைச் சுற்றி ஸ்டீராய்டும் மரப்பு மருந்தும் போட்ட 300 பேரில் 78 சதவீதம் பேருக்கும் பலன். நல்ல கணக்குதான். ஆனால் ஒன்றுமே போடாமல் காத்திருந்த ஒரு குழு அந்த ஆய்வில் இல்லை.

இல்லாததால் என்ன? அக்காவுக்கு வந்த மாதிரி கால்வலி பாதிப்பேருக்கு மேல் சில வாரங்களில் தானாகவே குறைகிற நோய். பிதுங்கிய கூழை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது, அதிலும் நன்றாக வெளியே வந்து விழுந்த கூழ்தான் அதிகம் கரைகிறது. நெதர்லாந்தில் 283 பேரை வைத்து 2007-ல் வெளியான ஆய்வில், உடனே ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் போனது உண்மை. ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் காத்திருந்த குழுவும் அவர்களும் ஏறத்தாழ ஒன்றுதான், இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள் (காத்திருந்த குழுவிலும் பத்தில் ஏறத்தாழ நான்கு பேருக்குத் தாங்க முடியாமல் நடுவில் ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது). அக்காவுக்குத் தை மாதம் வலி இறங்கியது. வெறும் மாத்திரை, கொஞ்சம் கொஞ்சமாக நடை. அந்த மையம் சொன்ன நான்கு ஊசியையும் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பத்தாவது ஊசியில் குணமானது என்று நாங்களே ஊரெல்லாம் சொல்லியிருப்போம். இன்னொரு குடும்பம் எங்கள் பேச்சைக் கேட்டு நகையை அடகு வைத்திருக்கும்.

இதனால் ஓசோனே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் நான்கு மாதம் கால்வலியில் துடித்தார், மாத்திரை கேட்கவில்லை, ஆபரேஷன் என்று முடிவான பிறகு இன்னொரு டாக்டர் முறையாகத் தியேட்டரில் வைத்து டிஸ்க்குக்குள் ஓசோன் போட்டார். போடும் முன்பே, இது கேட்காமலும் போகலாம், அப்போது ஆபரேஷன்தான் என்று தெளிவாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். இரண்டு மூன்று வாரத்தில் வலி நன்றாகக் குறைந்தது. ஐரோப்பாவில் 49 பேரை வைத்து ஆபரேஷனோடு நேராக ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் வந்தது, ஓசோன் போட்டவர்களில் 71 சதவீதம் பேருக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் ஒதுக்க முடியாது. சதையில் போடுவதற்கும் இத்தாலியில் 60 பேரை வைத்து 2009-ல் ஓர் ஆய்வு உண்டு, பலன் இருந்தது என்றே அது சொன்னது. எனக்குக் கோபம் எங்கே வருகிறது என்றால், டிஸ்க்குக்குள் போட்டதன் கணக்கைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, சதையில் போட்டுக் காசு வாங்குவதில். எதைப் போடுகிறோம் என்றே சொல்லாமல் போடுவதில்.

இன்னொன்று, ஆபத்தே இல்லை என்று வீடியோவில் சொல்கிறார்கள். முறையாகப் போட்டால் பெரிய சிக்கல் அரிது என்பது சரி. ஆனால் டிஸ்க்குக்குள் கிருமி போனால் மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டிவரும், ரத்தத்தில் கிருமி பரவி உயிருக்கே ஆபத்தான சம்பவமும் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ-வின் விதியில் ஓசோன் இன்றும் நச்சு வாயு, மருத்துவப் பயன் அறியப்படாதது என்றுதான் எழுதியிருக்கிறது. அது கொஞ்சம் அதிகக் கடுமை என்பது என் எண்ணம், இருந்தாலும் நூற்றுக்கு நூறு பாதுகாப்பு என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

கால் விளங்காமல் போகும் என்று எல்லோரையும் பயமுறுத்துகிறார்களே, நிஜமாகவே பயப்பட வேண்டிய நிலை ஒன்று உண்டு. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, மலம் அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடத்திலும் தொடை இடுக்கிலும் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது. இப்படி ஏதாவது இருந்தால் ஓசோன், வர்மம், எண்ணெய்க் கட்டு என்று எதையும் தேடாதீர்கள், அன்றைக்கே, ராத்திரியானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அங்கே மணிக்கணக்கு முக்கியம்.

மற்றவர்களுக்கு எம்ஆர்ஐ ரிப்போர்ட்டைப் பார்த்தே பாதி உயிர் போய்விடுகிறது. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்தபோது, இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைத்திருந்தது, ஐம்பது வயதில் 60 சதவீதம். வலியே இல்லாதவர்களுக்கு ஊசி எதற்கு? ரிப்போர்ட்டில் இருப்பதும் உங்கள் காலில் இருக்கும் வலியும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று தொட்டுப் பார்த்துச் சொல்கிற டாக்டர் வேண்டும். தொடாமல் ஊசி எழுதுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஓசோன் என்று சொன்னால், டிஸ்க்குக்குள்ளா சதையிலா, சி-ஆர்ம் இருக்கிறதா, எத்தனை ஊசி, பலன் இல்லாவிட்டால் அடுத்து என்ன, ஆறு வாரம் காத்திருந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் அதுவே பதில்.

அக்கா மாசியிலிருந்து மறுபடி வேலைக்குப் போகிறாள். மணிக்கு ஒரு தடவை எழுந்து நிற்க சூப்பர்வைசர் சம்மதித்திருக்கிறார். சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.

பெரியப்பா, அந்த வீடியோவை குரூப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். நம்பர் கேட்ட நான்கு பேரில் ஒருவர் சின்னம்மா. அவங்களுக்குக் காலில் வலியே கிடையாது, இடுப்பு மட்டும்தான் வலிக்கிறது என்று போன மாதம் என்னிடம் சொன்னாங்க. டிஸ்க்குக்குள் போடுகிற நல்ல ஓசோன் ஊசியே பெரும்பாலும் கூழ் பிதுங்கிக் கால்வலி வந்தவர்களிடம்தான் சோதிக்கப்பட்டிருக்கிறது. இன்று சாயங்காலம் நானே அவங்களுக்குப் போன் பண்ணுகிறேன்.