12 வோல்ட் என்றால் மெல்லிய ஒயர் போதுமா?

‘படகு லைட்டுக்கு 12 வோல்ட்தான். வோல்ட் குறைந்தால் கரண்டும் குறையும், மெல்லிய ஒயரே போதும்’ என்று பாம்பன், மண்டபம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

12 வோல்ட் சாதாரணமாக ஷாக் அடிக்காது, அது சரி. ஆனால் வாட்டை வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், கரண்ட் எத்தனை ஆம்பியர் என்று தெரியும். வீட்டில் 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் குண்டு பல்பு இழுப்பது சுமார் 0.26 ஆம்பியர். அதே 60 வாட் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், ஏறக்குறைய இருபது மடங்கு! வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை: வீட்டு பல்புக்கு சுமார் 880 ஓம், படகு பல்புக்கு வெறும் 2.4 ஓம். அதனால் மெல்லிய ஒயரிலோ ஜாயின்டிலோ சிறு தடை இருந்தாலே இங்கே பெரிய நஷ்டம்.

அப்புறம் நம் உப்புக்காற்று. முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்டைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்திருக்கும். லைட் எரியும்போது அந்த ஜாயின்டின் இரு பக்கமும் மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வைத்து, 1 வோல்ட் காட்டினால் அங்கே தடை 0.2 ஓம். 1 வோல்ட்டை 5 ஆம்பியரால் பெருக்கினால் 5 வாட். அத்தனையும் விரல்நுனி அளவு இடத்தில் சூடாகிறது. டேப் இளகிப் பிசுபிசுப்பது அதனால்தான். (நாம் பேட்டரியைத் திட்டுவோம்.)

ஒயர் வாங்கும்போது கடையில் ஆம்பியரையும் நீளத்தையும் சொல்லிக் கேளுங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸும் போடுங்கள்.